பெல்ட்டுக்கு முன் போல்ட்: பழைய காரில் சீட் பெல்ட் மாற்றும் வழி

இரண்டு வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. எனக்கு நான்கு மாதம் பிடித்தது. கார் 1973 மாடல், இரண்டு கதவு வண்டி. முன்சீட் பெல்ட் இரண்டிலும் ஓரம் பிசிறடித்திருந்தது. கழற்றிவிட்டால் உள்ளே போகாமல் கதவிடுக்கில் போய் மாட்டிக்கொள்ளும். பெல்ட்தானே, வாங்கி மாட்டினால் ஆயிற்று என்று அன்று இரவே புதுசுக்கு ஆர்டர் போட்டேன். வந்ததை இடது பக்கம் மாட்டிப் பார்த்தால் பட்டை வெளியே வரவே மறுத்தது. திருப்பி அனுப்பலாமா என்று யோசித்தபடியே வலது பக்கப் போல்ட்டைக் கழற்றினேன். துருப்பிடித்த தகடு போல்ட்டோடு பெயர்ந்து வந்தது. வண்டி வெல்டிங்குக்குப் போனது. அது திரும்பி வருவதற்குள் பெல்ட்டைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்துவிட்டது.

எல்லாம் வரிசை மாறியதால் வந்த வினை. நீங்களாவது சரியான வரிசையில் போங்கள்.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. உங்கள் கார் 1980-களிலோ அதற்குப் பின்னோ வந்ததாக இருந்தால், பெல்ட்டில், மோதலின்போது பட்டையை இறுக்கும், வெடிமருந்தால் இயங்கும் இறுக்கி இருக்கிறதா என்று காரின் கையேட்டில் முதலில் பாருங்கள். இருந்தால் அது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. இந்தக் கட்டுரை அதற்கு உதவாது. கீழே எழுதியிருப்பது வெறும் பட்டை, பக்கிள், பட்டையைச் சுருட்டி வைக்கும் ரீல், போல்ட் என்று இருக்கும் பழைய வண்டிகளுக்கு.

1. ஸ்பேனரைத் தொடும் முன் படம் எடுங்கள்

ஒவ்வொரு போல்ட்டிலும் வாஷர், இடைவளையம், பெல்ட்டின் தகடு, மறுபடி ஒரு வாஷர் என்று ஓர் அடுக்கு இருக்கும். அந்த அடுக்கு சரியாக இருந்தால்தான் போல்ட்டை முழுதாக இறுக்கிய பிறகும் பெல்ட் தகடு தானாகச் சுழலும். கழற்றிய பிறகு எது மேலே, எது கீழே என்று சத்தியமாக நினைவிருக்காது. போல்ட்டுக்கு ஒரு பை வைத்து, இடத்தின் பெயரை எழுதிப் போட்டுவிடுங்கள்.

பட்டையின் கீழ்முனை அருகே தைத்திருக்கும் லேபிளையும் படம் எடுங்கள். தயாரித்த தேதி, எந்த விதிப்படி சோதித்தது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். கடைசியில் காகித வேலை வரும்போது இந்தப் படம் வேண்டியிருக்கும்.

2. பட்டையை முழு நீளமும் வெளியே இழுங்கள்

நாம் தினமும் பார்ப்பது பட்டையில் பாதிதான். மீதி ரீலுக்குள் வெயில் படாமல் கிடக்கிறது. கடைசிச் சுற்று வரை இழுத்து, வெளியே இருந்த பகுதியையும் உள்ளே இருந்த பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறத்தில் பெரிய வித்தியாசம் தெரிந்தால் வெயில் நூலைத் தின்றிருக்கிறது என்று அர்த்தம். பழைய நைலான் பட்டைகள் இதில் சீக்கிரம் நலியும். பின்னால் வந்த பாலியஸ்டர் கொஞ்சம் தாங்கும்.

பிறகு ஓரங்களை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருவிக்கொண்டே வாருங்கள். வெட்டு, அறுந்த நூல், உருகிப் பளபளக்கும் இடம், அட்டைபோல விறைத்த இடம், இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பட்டை போயிற்று. மேல்பரப்பில் லேசான பூனைமயிர்போல எழும்பியிருப்பது மட்டும் என்றால் உடனே பயப்பட வேண்டாம். ஓரத்தில் பிசிறு என்றால் பயப்படுங்கள்.

தையலையும் பாருங்கள். சில பெல்ட்டுகளில் பட்டையை மடித்துத் தைத்த ஒரு மடிப்பு இருக்கும். மோதலில் அந்தத் தையல் பிய்ந்து அதிர்வை வாங்கிக்கொள்வதற்காக வைத்தது. அது பிய்ந்திருந்தால் அந்த வண்டி எப்போதோ மோதியிருக்கிறது. பெரிய மோதலில் சிக்கிய பெல்ட்டை, பார்வைக்கு எப்படி இருந்தாலும், மாற்றத்தான் வேண்டும். பட்டை மோதலில் நீண்டு கொடுப்பது ஒரே ஒரு தடவைக்குத்தான்.

3. காசு செலவில்லாமல் தீருமா என்று பாருங்கள்

பட்டை நன்றாக இருந்து, ரீல் மட்டும் சோம்பலாகச் சுருட்டுகிறதா? பெரும்பாலும் குற்றவாளி ரீல் இல்லை. தோளுக்கு மேலே பட்டை நுழைந்து வரும் வளையம்தான். பல ஆண்டு வியர்வையும் தூசியும் அதன் உள்பக்கம் மெழுகுபோலப் படிந்திருக்கும். என் வண்டியில் நகத்தால் சுரண்டியதும் கறுப்பாகச் சுருள் சுருளாக வந்தது. ஈரத்துணியை நாடாபோலக் கிழித்து, வளையத்துக்குள் விட்டு, இரண்டு முனையையும் பிடித்து மாற்றி மாற்றி இழுங்கள்.

பட்டையைக் கழுவ, வெதுவெதுப்பான நீரும் மிதமான சோப்பும் போதும். முழுதாக வெளியே இழுத்து, திரும்ப உள்ளே ஓடிவிடாமல் ரீல் வாயருகே ஒரு கிளிப் போட்டுக்கொண்டு, துடைத்து, நிழலில் காயவிடுங்கள். நன்றாகக் காயும்வரை கிளிப்பை எடுக்காதீர்கள்; ஈரம் உள்ளே போனால் பூஞ்சை பிடிக்கும். பிளீச், பெட்ரோல், தின்னர், சாயம் எதுவும் படக்கூடாது. வெளுத்த பட்டைக்குச் சாயம் போட்டுப் புதிதாக்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். நிறம் மட்டும்தான் திரும்பி வரும்.

பக்கிள் ‘டக்’ என்று பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் உள்ளே சர்க்கரை பானம் கொட்டி ஒட்டியிருக்கும், அல்லது நாணயமோ பிஸ்கட் துண்டோ விழுந்திருக்கும். எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். எண்ணெய் மட்டும் விடாதீர்கள். நாளைக்கு அதுவே தூசியை இழுத்துக் களிம்பாக்கிவிடும். சுத்தம் செய்த பிறகும் ஒருமுறை பிடித்து ஒருமுறை பிடிக்காமல் போகும் பக்கிளை யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

4. போல்ட் உட்கார்ந்திருக்கும் இரும்பைப் பாருங்கள்

நான் முதலில் செய்திருக்க வேண்டியது இதைத்தான். ஐ.நா.வின் 14-ஆம் ஒழுங்குவிதிப்படி காரில் பெல்ட் பிடிக்கும் இடங்களைச் சோதிக்கும்போது, தோளில் வரும் பட்டை, மடியில் வரும் மடிப்பட்டை ஒவ்வொன்றின் வழியாகவும் 13,500 நியூட்டன் விசையில் இழுப்பார்கள். ஏறத்தாழ 1,375 கிலோ எடை. அவ்வளவையும் தாங்க வேண்டியது, ஐம்பது வருடம் ஈரம் குடித்த ஒரு தகடு.

கார்ப்பெட்டை முழுதாகத் தூக்குங்கள். உள்பக்க அட்டையைக் கழற்றுங்கள். பிறகு வண்டிக்கு அடியில் போங்கள். போல்ட்டைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குத் திருப்புளியின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். அரித்த இரும்பு மண்பானை உடைந்ததுபோலப் பொத்தென்று கேட்கும். அடியில் தார்போலப் பூசியிருக்கும் கறுப்புப் பூச்சை நம்ப வேண்டாம். என் வண்டியில் பூச்சுதான் இருந்தது, அதற்குள் இரும்பு இல்லை.

போல்ட் இறுகிப்போயிருந்தால் துரு தளர்த்தும் எண்ணெயைத் தினம் இருவேளை விட்டு இரண்டு நாள் பொறுங்கள். நெருப்பு காட்டாதீர்கள், பக்கத்தில் கார்ப்பெட், வயர், சில வண்டிகளில் பெட்ரோல் குழாய்கூட ஓடும். சரியான அளவு சாக்கெட்டைப் போடுங்கள். தலை பெரும்பாலும் 5/8 அங்குலம் அல்லது 17 மி.மீ.; சிலவற்றில் நட்சத்திரத் தலை. கழற்றும்போது போல்ட்டோடு பின்னால் இருக்கும் நட்டும் சேர்ந்து சுற்றுகிறதா? நட்டின் வெல்டிங் விட்டுவிட்டது. அதோடு நிறுத்திவிட்டு வெல்டரைக் கூப்பிடுங்கள்.

மரை, அதாவது போல்ட்டின் திருகுப்புரி பற்றி ஒரு வார்த்தை. காரின் மற்ற போல்ட் எல்லாம் மெட்ரிக் என்றாலும், பெல்ட் போல்ட் மட்டும் ஏறக்குறைய எல்லா நாட்டுக் கார்களிலும் 7/16 அங்குல யூ.என்.எஃப். என்ற நெருக்கமான மரை, அங்குலத்துக்கு 20. தெரியாமல் 10 மி.மீ. போல்ட்டைப் போட்டால் உள்ளே போகும், லூசாக ஆடும், பிடித்ததுபோல நடிக்கும். 12 மி.மீ. போல்ட்டைத் திணித்தால் மரை மொத்தமாக நாசம். மரையில் பெயின்ட்டும் துருவும் அடைத்திருந்தால் அதே 7/16 அளவு மரை வெட்டும் டேப் விட்டுச் சுத்தம் செய்யலாம். புது போல்ட் பெல்ட்டோடு வரும், அதையே போடுங்கள். தனியாக வாங்க நேர்ந்தால் தலையில் ஆறு கோடு இருக்கும் உயர்தரப் போல்ட் கேளுங்கள்.

தகடு அரித்திருந்தால் மேலே ஒட்டுப்போடுவது வேலைக்காகாது. அரித்த பகுதியை வெட்டி எடுத்து, நல்ல தகடு வைத்து, நட் பதித்த தாங்குதகட்டோடு சுற்றிலும் வெல்டிங் செய்ய வேண்டும். வெல்டிங்குக்கு முன், நடுவில், பின் என மூன்று படமாவது எடுத்துத் தரச் சொல்லுங்கள். பூச்சு போட்ட பிறகு உள்ளே என்ன நடந்தது என்று யாருக்கும் காட்ட முடியாது. என் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் இந்த வெல்டிங்குக்கே போனது. இரும்பைப் பார்க்கும் முன் பட்ஜெட் போடாதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

5. எந்த வழி என்று முடிவு செய்யுங்கள்

இரும்பு சரி என்று தெரிந்த பிறகு மூன்று வழி இருக்கிறது.

பழைய ரீலையும் பக்கிளையும் வைத்துக்கொண்டு பட்டையை மட்டும் புதிதாக மாற்றித் தரும் பணிமனைகள் உண்டு. குரோம் பக்கிள், அந்தக் காலத்து நிறம் எல்லாம் அப்படியே நிற்கும். கண்காட்சிக்குப் போகும் வண்டிக்கு இதுதான் அழகு. ஆனால் அவர்கள் எந்த விதிப்படி பட்டை போடுகிறார்கள், தைத்த பிறகு இழுத்துச் சோதிக்கிறார்களா, புது லேபிள் தைத்துத் தருவார்களா என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள். அனுப்பிப் பெறும் நாட்களையும் கணக்கில் வையுங்கள். அதுவரை அந்த சீட்டில் யாரும் உட்காரக் கூடாது.

இரண்டாவது, பழைய கார்களுக்கென்றே வரும் புது பெல்ட். எனக்குக் கடைசியில் கைகொடுத்தது இதுதான். பெரும்பாலும் பட்டை மாற்றுவதைவிடச் சீக்கிரம் முடியும். உள்ளே எல்லாமே புதுசு.

மூன்றாவது, உடைத்த வண்டியிலிருந்து எடுத்த பெல்ட். அது மோதிய வண்டியா இல்லையா என்று யாரால் சொல்ல முடியும்? வேண்டாம்.

நான்காவதாக ஒன்றை உங்கள் நண்பர் சொல்வார்: வீட்டிலேயே கனமான ஊசி போட்டுத் தைத்துவிடலாம் என்று. நீளம் குறைப்பதற்காகக்கூட அதைச் செய்யாதீர்கள். ஐ.நா.வின் 16-ஆம் ஒழுங்குவிதிப்படி பட்டை குறைந்தது 14,700 நியூட்டன் தாங்க வேண்டும். அந்தப் பளு முழுவதும் முனையில் இருக்கும் சின்னத் தையல் கட்டத்தின் வழியாகத்தான் போகிறது. ரீலின் மூடியையும் திறக்காதீர்கள். உள்ளே கடிகார ஸ்பிரிங்போலச் சுருட்டிய தகடு இருக்கிறது. அது ஒருமுறை சீறி வெளியே வந்தால் மறுபடி உள்ளே போகாது.

6. ரீலின் சாய்வைப் பார்த்து ஆர்டர் போடுங்கள்

என் முதல் பெல்ட் ஏன் வெளியே வரவில்லை என்று கண்டுபிடிக்க ஒரு மாலை முழுதும் ஆனது. மாட்டிய ரீலைக் கழற்றிக் கையில் நிமிர்த்திப் பிடித்தேன். பட்டை வெண்ணெய்போல வந்தது. கையை மெல்லச் சாய்த்துக்கொண்டே இழுத்தேன். ஓர் இடத்தில் உள்ளே ‘க்ளிக்’. அவ்வளவுதான், பாறைபோல நின்றுவிட்டது. மறுபடி நிமிர்த்தினேன், வந்தது.

இப்படிப்பட்ட பல ரீல்களுக்குள் ஒரு சின்ன உலோகக் குண்டு உட்கார்ந்திருக்கிறது. வண்டி திடீரென்று வேகம் குறைந்தால் குண்டு தன் குழியிலிருந்து நகர்ந்து ஒரு பல்லைத் தூக்கிவிடும், ரீல் பூட்டிக்கொள்ளும். ரீலைச் சாய்த்து மாட்டினாலும் குண்டு நகரத்தானே செய்யும்? 16-ஆம் ஒழுங்குவிதி சொல்வதன்படி, மாட்ட வேண்டிய நிலையிலிருந்து 12 டிகிரி வரை சாய்த்தால் ரீல் பூட்டக் கூடாது. 27 டிகிரியைத் தாண்டினால் பூட்டியே ஆக வேண்டும். என் வண்டியில் ரீல் உட்காரும் இடம் பின் சக்கரத்துக்கு மேலே சரிவாக இருந்தது. நான் வாங்கியதோ செங்குத்தாக மாட்டும் ரீல்.

ஆகவே ரீல் உட்காரும் பரப்பு செங்குத்தா, படுக்கையா, சரிவா என்று அளந்து, கோணத்தை எழுதிக்கொள்ளுங்கள். கைபேசியில் இருக்கும் மட்டம் பார்க்கும் செயலியே போதும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்பின், இடவலம் என இரண்டு திசையிலும் அளக்க வேண்டும். எந்தக் கோணத்துக்கும் திருப்பி வைத்துக்கொள்ளும்படி குண்டுப்பெட்டி சுழலும் ரீல்களும் கிடைக்கின்றன. பூட்டிக்கொள்கிறதே என்று குண்டைக் கழற்றி எறிந்தவர்களையும் எனக்குத் தெரியும். அந்த ரீல் திடீர் பிரேக்கை இனி உணராது. இருப்பது வெறும் அலங்காரம்.

ரீலே இல்லாத பெல்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் காரில் முதலிலிருந்தே அதுதான் இருந்தால் அதையே போடலாம், விலையும் குறைவு. ஆனால் ஒவ்வொரு முறையும் உடம்புக்கு ஏற்ப இறுக்க வேண்டும். ஒழுங்காக இறுக்கினால் பழைய கார்களில் சோக் குமிழும் வைப்பர் சுவிட்சும் கைக்கு எட்டாது. எட்டவில்லையே என்று லூசாக விடுவார்கள். லூசான பெல்ட் மார்பெலும்பைப் பதம் பார்க்கும். வாங்கும் முன் சீட்டில் உட்கார்ந்து, தோளைப் பின்னால் ஒட்டவைத்து, எது எது எட்டுகிறது என்று பாருங்கள்.

பந்தயக் காரில் வருவதுபோல நான்குமுனை பெல்ட் மாட்ட ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். தோளில் வரும் பட்டைகளைப் பின்தரையில் கட்டினால் மோதலில் அவை தோளைக் கீழ்நோக்கி அமுக்கி முதுகெலும்பை நசுக்கும்.

7. அளவு எடுப்பது

பழைய பெல்ட்டின் மொத்த நீளம், பக்கிளைக் காரோடு பிடித்திருக்கும் தண்டின் நீளம், மேல்போல்ட்டிலிருந்து கீழ்போல்ட் வரை உள்ள தூரம், இந்த மூன்றும் போதும். பக்கிள் தண்டில்தான் பலர் ஏமாறுவார்கள். தண்டு நீளமாக இருந்தால் பக்கிள் வயிற்றின் மேல் ஏறி உட்காரும். அது இடுப்பெலும்புக்குப் பக்கத்தில், தாழ்வாக இருக்க வேண்டும். மடிப்பட்டை வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பைத் தழுவிப் போக வேண்டும். மேல்போல்ட் உங்கள் தோளைவிடத் தாழ்ந்திருக்கக் கூடாது.

8. காகிதங்கள்

இருந்த இடத்திலேயே, இருந்த வகையிலேயே மாற்றுவது பெரும்பாலும் சிக்கலில்லாமல் போய்விடும். பெல்ட்டே இல்லாத இடத்தில் புதிதாகத் துளை போட்டு மாட்டுவதாக இருந்தால் கதை வேறு; பொறியாளர் சான்றிதழ் கேட்கும் நாடுகள் உண்டு. துளை போட்ட பிறகு போய்க் கேட்டால் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். வேலைக்கு முன்பே வாகனப் பரிசோதனை நிலையத்துக்கும் இன்சூரன்ஸ்காரருக்கும் எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வர நாளாகும். அதனால் இரும்பைப் பார்த்த அன்றே கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.

புது பெல்ட்டின் லேபிளில் வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண் அனுமதி கொடுத்த நாட்டைச் சொல்கிறது: 1 ஜெர்மனி, 2 பிரான்ஸ், 3 இத்தாலி, 4 நெதர்லாந்து. எங்கே தயாரானது என்பதை அது சொல்லாது. பக்கத்தில் ‘ஏ’ என்றால் மூன்றுமுனை பெல்ட், ‘பி’ என்றால் மடிப்பட்டை மட்டும், ‘ஆர் 4’ என்றால் திடீர் பிரேக்கில் பூட்டும் ரீல். கடைக்காரர் சொன்னதும் லேபிள் சொல்வதும் ஒன்றுதானா என்று பிரித்தவுடன் பாருங்கள். அமெரிக்காவுக்கான பெல்ட்டில் அந்த நாட்டு 209-ஆம் விதியைக் குறிப்பிட்டிருப்பார்கள்.

பில், லேபிளின் படம், வெல்டிங் படங்கள், மாட்டிய தேதி எல்லாம் ஒரே உறையில் வண்டிக் காகிதங்களோடு இருக்கட்டும். பரிசோதனையில் என்னிடம் முதலில் கேட்டது வெல்டிங் படத்தைத்தான்.

9. மாட்டுவது

முதல் படியில் எடுத்த படங்களைப் பார்த்து அதே அடுக்கில் வையுங்கள். போல்ட்டை முதல் நாலைந்து சுற்று கையாலேயே திருக வேண்டும். கையால் போகவில்லை என்றால் மரை குறுக்கே ஏறுகிறது, வெளியே எடுங்கள். இறுக்கும் அளவைக் கையேட்டிலோ பெல்ட்டோடு வந்த தாளிலோ பார்த்து, டார்க் ஸ்பேனரால் இறுக்குங்கள். இறுக்கிய பிறகு பெல்ட் தகடு சுழல வேண்டும். பட்டை எங்கேயும் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா, சீட்டை முன்னும் பின்னும் தள்ளும்போது தண்டவாளத்தில் சிக்குகிறதா என்று பாருங்கள். முன்சீட் இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றிவிடுவது நல்லது. ஒரு பக்கம் நலிந்திருந்தால் மறுபக்கமும் அதே வெயிலில்தான் கிடந்தது.

நிதானமாகச் செய்தால் ஒரு பகல் போதும்.

10. ஓட்டிப் பார்ப்பது

நின்ற வண்டியில் பட்டையை வெடுக்கென்று இழுங்கள்; இழுப்பையும் உணரும் ரீல் என்றால் பூட்ட வேண்டும். மெல்ல இழுங்கள், வர வேண்டும். பக்கிளை இருபது முறை போட்டு எடுங்கள்.

பிறகு ஆளில்லாத சமதரையில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போய், பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு பிரேக்கை அழுத்தி மிதியுங்கள். பெல்ட் உங்களைப் பிடித்து நிறுத்த வேண்டும். சீட்டில் உட்காருபவர் ஒவ்வொருவருக்கும் தோளில் வரும் பட்டை கழுத்தில் அறுக்காமல், தோளின் நடுவில் போகிறதா என்று பார்த்துவிடுங்கள். இரண்டு கதவு வண்டி என்றால் முன்சீட்டின் முதுகு மடிந்து விழாமல் பூட்டிக்கொள்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். என் வண்டியில் அந்தப் பூட்டு எப்போதோ செத்திருந்தது. அடுத்த வேலை அதுதான். சீட் ஏற்கெனவே கழன்று கூடத்தில் கிடக்கிறது.